வேண்டாம் என்றவர்கள்

பட்டா, படி என்று எழுதச் சொல்லிக்கொடுப்பது பெரிய வேலையாக இல்லை. கொஞ்ச நாளில் கை தானாகப் பழகிவிடும். அந்தக் கைக்காரரைப் பாய்க்குக் கொண்டுவந்து உட்காரவைப்பதுதான் வேலை. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது தொண்டராகப் பேர் கொடுத்த நாங்கள், எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போவதாகத்தான் நினைத்துக்கொண்டு போனோம். போன இடத்தில் நடந்ததெல்லாம் பேச்சு. அதுவும் ‘வேண்டாம்’ என்றவர்களோடு.

நான் அப்போது பி.ஏ. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, அட்டையைப் பத்திரமாக டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். ஊர் அன்னவாசல் பக்கம். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் கல் குவாரி. அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்திருந்தார்கள். அதே உற்சாகம் இங்கேயும் வந்து இறங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னால் நின்றார். அறிவியல் இயக்கத்துக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், எல்லாக் கட்சிக்காரர்கள், என்னைப்போல் சும்மா இருந்தவர்கள் என்று பெரிய கூட்டம் சேர்ந்தது. பத்துப் பேருக்கு ஒரு தொண்டர் என்பது கணக்கு. சம்பளம் கிடையாது. அரிக்கேன் விளக்கு, கரும்பலகை, ஒரு பாடப்புத்தகம்.

கீரனூரில் நடந்த பயிற்சி முகாமில் ஒரு தலைமையாசிரியர் எங்களுக்கு வகுப்பெடுத்தார். ஓய்வு பெறப் போகிற வயது. “இந்த வயசுல படிச்சு நான் கலெக்டராவா ஆகப்போறேன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?” என்றார். ஆளுக்கொரு பதில் சொன்னோம். எல்லாமே நல்ல பதில். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “பதிலெல்லாம் சரிதான். ஆனா வாதத்துல ஜெயிச்சுட்டுத் தனியாத் திரும்பி வராதீங்க. ஆளோட வாங்க.” அன்றைக்கு அதைச் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் ஊர்த் தொண்டர்களில் ஒருவன் கல்லூரிப் பட்டிமன்றத்தில் கோப்பை வாங்கியவன். குரல் கணீரென்று இருக்கும். எதிராளி வாயைத் திறப்பதற்குள் மடக்கிவிடுவான். ஊரில் தலைமைக்காரர் ஒருவர் இருந்தார், அம்பலம் என்பார்கள். பழைய அதிகாரமெல்லாம் போய்விட்டாலும் அவர் சொல்லுக்கு மரியாதை இருந்தது. பெண்களுக்கு ராத்திரி வகுப்பு என்றதும், டீக்கடையில் வைத்து, “பொம்பள படிச்சு வீடு வெளங்குமா, அப்பு?” என்று கேட்டார். நம் ஆள் விடவில்லை. “ஐயா, நீங்க சொசைட்டியில வாங்கின கடனுக்குக் கையெழுத்துப் போட்டீங்களா, கைநாட்டு வச்சீங்களா? அந்தப் பத்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?” என்றான். கடையில் இருந்த பத்துப் பதினைந்து பேரும் சிரித்தார்கள். அம்பலம் டீயைப் பாதி குடித்தபடி வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எங்கள் ஆளின் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அன்றைக்கு ராத்திரி விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு பெண்கூட வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

கேள்வி நியாயமான கேள்விதான். அம்பலம் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதும் உண்மை. அறுபது வயது மனிதரைப் பார்த்து அவர் ஊர்க்காரர்களையே சிரிக்கவைத்த பிறகு அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவர் வீட்டுப் பெண்கள் வரமாட்டார்கள். அவர் வீட்டுப் பெண்கள் வராவிட்டால் அந்தத் தெருவே வராது.

ஒன்றிய அளவில் பொறுப்பில் இருந்த ஆசிரியை ஒருவர் விஷயம் தெரிந்து வந்தார். எங்கள் யாரையும் திட்டவில்லை. நேராக அம்பலத்தின் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். திண்ணையில் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். சமாதானமோ மன்னிப்போ எதுவும் ஆசிரியை பேசவில்லை. “ஐயா, நீங்க வேணாங்கிறீங்க. ஏன்னு முழுசாச் சொல்லுங்க, கேட்டுட்டுப் போறேன்” என்றார். அவ்வளவுதான். பெரியவர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு ஆரம்பித்தார். வெகுநேரம் பேசினார். ஆசிரியை நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டுப்புத்தகத்தை எடுத்து எழுதவும் இல்லை. எழுதியிருந்தால் பெரியவர் பேச்சை நிறுத்தியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

பெண்கள் படிக்கக்கூடாது என்பது அவர் பேச்சில் கால்வாசிகூட இல்லை. மிசா காலத்தில், அதாவது நெருக்கடி நிலையின்போது, குடும்பக்கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடித்த கதையைச் சொன்னார். அப்போதும் சர்க்கார் ஆட்கள் நோட்டும் கையுமாகத் தெருத் தெருவாகப் பேர் எழுதினார்கள். நல்லதுக்கு என்றுதான் சொன்னார்கள். அப்புறம் கறவை மாட்டுக் கடன் வந்தது. மாடு செத்துப்போனது, கடன் சாகவில்லை, அண்டா குண்டானை ஜப்தி செய்ய வந்தார்கள். “மொதல்ல பேரு எழுதுவாக. பின்னாடி என்ன வரும்னு யாருக்குத் தெரியும்?” என்றார். அதற்கப்புறம்தான் பாதையைப் பற்றிச் சொன்னார். வகுப்பு நடக்கும் இடத்திலிருந்து தெருவுக்கு வரும் வழியில் பாழுங்கிணறு ஒன்று இருந்தது. பக்கத்தில் மின்கம்பம் உண்டு, பல்பு கிடையாது. “புள்ளைகள இருட்டுல அனுப்பச் சொல்றியே, நீ வந்து கைப்பிடிச்சுக் கூட்டிப் போவியா, ஆத்தா?”

இதற்கெல்லாம் பயிற்சி முகாமில் பதில் கொடுக்கவில்லை. பாதை விஷயத்தில் அவர் சொன்னது முழுக்கச் சரி என்று ஆசிரியை அங்கேயே ஒப்புக்கொண்டார். பேர் எழுதுகிற விஷயத்தில், எங்கள் பதிவேட்டை அவரே வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றார். பல்பு வர வாரக்கணக்கில் ஆனது. அதுவரை தொண்டர்கள் விளக்கோடு கிணற்றடியில் நின்றோம். பெரியவர் கடைசிவரை எங்களோடு ஒத்துப்போகவில்லை. இது முக்கியம். பேசிப் பேசி மனம் மாறினார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும், நடந்தது அதுவல்ல. “நான் வேணாம்னுதான் சொல்லுவேன். ஆனா தடுக்க மாட்டேன்” என்றார். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அவருடைய மருமகள்கள் இருவரும் வந்து உட்கார்ந்தார்கள்.

பட்டிமன்றக்காரன் மேடையில் எப்போதும் ஒரு கதை சொல்லுவான். புதுக்கோட்டைக்காரர்கள் எல்லோருக்கும் பிடித்த கதை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தது 1886-ல், புதுக்கோட்டையில். எஸ். சத்தியமூர்த்தி பிறந்தது அடுத்த ஆண்டு, பக்கத்தில் திருமயத்தில். இருவரும் மகாராஜா கல்லூரியில் படித்தவர்கள். பெண் என்பதால் முத்துலட்சுமியை அந்தக் கல்லூரியில் சேர்க்கக்கூடாது என்று எதிர்ப்பு எழுந்தபோது மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். வகுப்பில் திரை கட்டி அவரை உட்காரவைத்தார்கள். பின்னாளில் சென்னை சட்டசபையில், பெண்களைத் தேவதாசிகளாகக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் முயன்றபோது எதிர்த்து நின்றவர்களில் பெரிய பெயர் சத்தியமூர்த்தியுடையது. அப்போது அந்த அம்மையார் சுடச்சுட ஒரு பதில் கொடுத்தார், எதிராளி வாயடைத்துப்போனார் என்று கதை போகும். கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

எனக்கு அந்தக் கதையில் சுவை குறைந்துபோனது டீக்கடைச் சம்பவத்துக்குப் பிறகுதான். 1927-ல் சட்டசபையில் தீர்மானமாக வந்த விஷயம், முழுச் சட்டமாக 1947 வரை காத்திருந்தது. ஒரு பதிலடியில் முடிந்திருந்தால் இருபது வருஷம் ஏன் ஆனது? எதிர்த்தவர்கள் சத்தியமூர்த்தி மட்டுமல்ல. தேவதாசிப் பெண்களிலேயே ஒரு பகுதியினர் சங்கமாகச் சேர்ந்து, எங்கள் வாழ்க்கையைப் பற்றி எங்களைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள் என்று மனுக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினர் சட்டம் வேண்டும் என்றார்கள். அந்த இழுபறிக்குள்தான் முத்துலட்சுமி எழுதியும் பேசியும் வந்தார். வெளியே வந்த பெண் பிள்ளைகள் தங்க இடமில்லை என்றபோது அவ்வை இல்லம் தொடங்கினார். மேடைக்கு இதெல்லாம் நீளம். கைதட்டலுக்கு ஒரு வரி போதும்.

சைக்கிள் வந்த பிறகு ‘வேண்டாம்’ இன்னும் சத்தமாகக் கேட்டது. பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்வதையும் அறிவொளியின் பகுதியாகவே ஆட்சியர் சேர்த்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது. மத்திய ஒருங்கிணைப்பாளராக இருந்த கண்ணம்மாள் போன்றவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு பொடிசுகள் வாயிலெல்லாம் கிடந்தது.

எங்கள் ஊரில் கண்மாய்க் கரைதான் பயிற்சிக்களம். லேடீஸ் சைக்கிள் எங்கே கிடைத்தது? எல்லாம் பார் வைத்த பெரிய சைக்கிள். மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்தது. கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கால் பெடலில், ஒரு கால் தரையில் தத்தித் தத்திப் போவார்கள். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஒரு பொடியன் ஓடுவான். விழுந்தால் முழங்கால் சிராய்ப்பைவிடச் சேலையைத்தான் முதலில் பார்ப்பார்கள். செயின் மை பட்டால் போகாது. மாமியார்களுக்கு அந்த மைதான் சாட்சி. சேலைக் கரையைத் தூக்கிப்பிடித்துத் தெருவுக்கே காட்டிய மாமியாரை நான் பார்த்திருக்கிறேன். கொஞ்ச காலம் போனபின் பல பெண்களுக்குப் பார் வைத்த சைக்கிளே பிடித்துப்போனது. பிள்ளையை முன்னால் பாரில் உட்காரவைக்கலாம், பின்னால் குடத்தைக் கட்டலாம்.

பெண்டாட்டி சைக்கிள் ஓட்டக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்ற ஒருவர் எங்கள் பக்கத்துத் தெருவில் இருந்தார். மானம் போகுது, ஊர் சிரிக்குது என்பதுதான் பேச்சு. நாங்கள் மானத்தைப் பற்றியே பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்: டவுனில் ஓட்டுகிறார்கள், நர்சம்மா ஓட்டுகிறார், கலெக்டரே பெண்தானே என்றெல்லாம். ஒன்றும் ஏறவில்லை. அவரோடு சும்மா பேசிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் வேறு விஷயம் வெளியே வந்தது. வீட்டில் இருப்பது ஒரு சைக்கிள். விடியற்காலையில் அவர் அதில்தான் வேலைக்குப் போக வேண்டும். அதே நேரத்தில்தான் மனைவி தண்ணீருக்குப் போக வேண்டும். அவள் ஓட்டக் கற்றுக்கொண்டால் சைக்கிள் அவளுக்கு, நடை இவருக்கு. இதை வெளியே சொல்ல முடியுமா? மானம் என்றால் ஊரே தலையாட்டும். நாங்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வங்கிக் கடன் படிவம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இரண்டாவது சைக்கிள் வந்த பிறகு அந்த வீட்டில் மானத்தைப் பற்றிய பேச்சு எழவில்லை.

எல்லாரும் இப்படி இல்லை. சாலையில் போகிற பெண்களைப் பார்த்து ஆபாசமாகப் பேசிய இளவட்டங்களோடு யாரும் திண்ணையில் உட்கார்ந்து கதை கேட்கவில்லை. பெண்கள் கூட்டமாகப் போனார்கள், மணியை அடித்துக்கொண்டு. 1992 மார்ச் 8-ஆம் தேதி மகளிர் தினத்தன்று புதுக்கோட்டை நகரத்துக்குள் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலமாக வந்தார்கள். கேலி பேச வாய் இருந்தவர்கள்கூட எண்ணி முடிப்பதற்குள் களைத்துப்போனார்கள்.

குவாரிப் பெண் ஒருவரை நான் மறக்கவில்லை. கை விரல்கள் சம்மட்டி பிடித்துப் பிடித்து முழுக்க மடங்காமலும் நீட்ட முடியாமலும் இருக்கும். வகுப்புக்குக் கூப்பிட்டபோது, “எழுத்துத் தெரிஞ்சா கல்லு லேசாயிருமா, தம்பி?” என்று கேட்டார். கோபமில்லாமல் கேட்டார். கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, கூலி எப்படிக் கணக்குப் பார்ப்பார்கள் என்று மட்டும் விசாரித்தேன். மேஸ்திரி நோட்டில் எழுதிக்கொள்வார். சனிக்கிழமை அவர் சொல்வதுதான் கணக்கு. “அந்த நோட்டுல என்ன எழுதுறான்னு எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம்” என்றார். வகுப்புக்கு வந்தார், எழுத்தைவிட எண்ணை முதலில் கற்றுக்கொண்டார். கல் லேசாகவில்லை. அந்த அம்மாவின் கேள்வி இன்றும் அப்படியேதான் நிற்கிறது. மாவட்டத்தில் அந்தச் சமயம் சில குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தார்கள். அவருடைய கேள்விக்கு ஓரளவாவது பதில் என்றால் அதுதான். எங்கள் பாடப்புத்தகம் அல்ல.

ஒரு விஷயத்தில் எங்களுக்குள்ளேயே கருத்து ஒன்றாகவில்லை. மேலத்தெருப் பெண்கள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். காலனியில் இருந்த தலித் பெண்கள் அங்கே வரக்கூடாது என்றார்கள். இரண்டு வகுப்பாக நடத்தினால் எல்லோரும் படிப்பார்கள். ஒரே வகுப்பு என்று பிடிவாதம் பிடித்தால் இருவருமே படிக்காமல் போவார்கள் என்றது ஒரு தரப்பு. தனித்தனியாக உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தால், நாம் சொல்லிக்கொடுப்பது எழுத்தையா, தீண்டாமையையா என்றது இன்னொரு தரப்பு. விடியவிடியப் பேசினோம். யாரும் யாரையும் மட்டம் தட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அத்தனை மரியாதையாகப் பேசி, கடைசியில் இரண்டு வகுப்புதான் நடந்தது. நான் இரண்டாவது தரப்பு. மேலத்தெருவின் மனம் நோகாமல் பேச நாங்கள் எடுத்த சிரத்தையில் பாதியைக்கூட, காலனிப் பெண்களிடம் போய் “ஒங்களுக்கு இது சம்மதமா?” என்று கேட்பதில் காட்டவில்லை. வேண்டாம் என்றவர்களுக்குக் காது கொடுத்தோம். வேண்டும் என்று வந்து நின்றவர்களை யாரும் கேட்கவில்லை.

முப்பது வருஷம் கழித்து, 2022 டிசம்பரில், அதே அன்னவாசல் வட்டாரத்தில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. விசாரிக்கப் போன ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதைப் பார்த்தார்கள். தலித் மக்களை அய்யனார் கோயிலுக்குள் அழைத்துப்போனார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு மண்டபமும் அந்த ராத்திரிப் பேச்சும்தான் ஞாபகத்துக்கு வந்தன. சைக்கிள் வேண்டாம் என்பவரோடு உட்கார்ந்து பேசலாம், வருஷக்கணக்கில் பேசலாம். பக்கத்தில் உட்காராதே என்பவரோடும் பேசத்தான் வேண்டும். ஆனால் அவர் சம்மதிக்கும்வரை மற்றவர் வெளியே நிற்க வேண்டும் என்பது பேச்சின் நிபந்தனையாக இருக்கக்கூடாது.

1992 ஆகஸ்டில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. இயக்கத்தின் வேகம் அடுத்த சில ஆண்டுகளில் தணிந்துபோனது. கற்ற எழுத்தை மறந்தவர்கள் உண்டு. சைக்கிளை யாரும் மறக்கவில்லை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்தச் சைக்கிள் பெண்களைப் பற்றி எழுதினார், நாடு முழுக்கப் படித்தார்கள். வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் சேர்ந்து இயக்கத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார்கள், 1996-ல் வந்தது. எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் ஓட்டினார்கள் என்பதெல்லாம் பதிவாகிவிட்டது. அம்பலம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது எங்கேயும் பதிவாகவில்லை. மாமியார்கள், மேஸ்திரிகள், ஒற்றைச் சைக்கிள்காரர், மண்டபத்துக்கு வெளியே நின்ற பெண்கள், இவர்கள் யாருடைய சொல்லும் இல்லை.

அன்றைக்குத் தொண்டர்களாக இருந்தவர்களுக்கு இப்போது ஐம்பதுக்கு மேல், பலருக்கு அறுபதும் தாண்டிவிட்டது. கீரனூரிலோ ஆலங்குடியிலோ அறந்தாங்கியிலோ அப்படி யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். நாம் பேசியது போதும், அதை நிறைய எழுதியாயிற்று. உங்கள் ஊரில் வேண்டாம் என்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே, ஞாபகம் இருக்கும்போதே எழுதிவையுங்கள்.